தெரியாத இடத்தில் தேய்த்த முயல்

செம்புலிங்கம், அருஞ்சுனை, வெள்ளையப்பன் ஆகிய மூன்று அண்ணன் தம்பிகளையும் ஊரார் முட்டாள்கள் என்கிறார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். எழுதியதை எழுதியபடி செய்கிறவன் முட்டாள் என்றால், எழுதினவர்களை என்னவென்று சொல்வது? நடந்ததைக் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள்.

அடுப்படியில் எலி பிடிக்கப் பசை அட்டை வைத்திருந்தார்கள். காலையில் பார்த்தால், அக்கா மகள் நறுமுகையின் பஞ்சு முயல் அதில் குப்புற ஒட்டிக் கிடந்தது.

"எலிக்கு வெச்சதுல முயலே விழுந்திருக்கு. நல்ல அட்டைடா," என்றான் மூத்தவன் செம்புலிங்கம்.

முயல் மடியில் இல்லாவிட்டால் நறுமுகைக்கு ஒரு வாய் சோறு இறங்காது. அழுதுகொண்டிருந்தவளை எப்படியோ பள்ளிக்கூட வேனில் ஏற்றிவிட்ட அக்கா பூங்கோதை, வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் தம்பிகளுக்கு ஒரு சீட்டு எழுதி வைத்தாள்:

'அட்டையை மெதுவா உரிங்க. முதல்ல தெரியாத இடத்துல கொஞ்சம் எண்ணெய் தேய்ச்சுப் பாருங்க. ஒண்ணும் ஆகலைன்னா முழுசும் தேய்ங்க. புள்ளை நாலு மணிக்குப் பசியோட வரும்.'

மெதுவாகத்தான் உரித்தார்கள். பதினொரு மணி ஆயிற்று. அட்டை வந்தது, பசை வரவில்லை. சிக்கல் அடுத்த வரியில்.

"தெரியாத இடம்னா எதுடா?" என்றான் செம்புலிங்கம்.

"தெரிஞ்சா அது எப்படிண்ணே தெரியாத இடமாகும்?" என்றான் நடுவன் அருஞ்சுனை.

முயலின் வாலுக்கு அடியில் என்று எழுத அக்காவின் பேனாவுக்கு என்ன வலி? நீங்களே சொல்லுங்கள்.

முயலையும் நல்லெண்ணெய் பாட்டிலையும் எடுத்துக்கொண்டார்கள். பஸ் நிறுத்தம் வீட்டு வாசலிலேயே. வந்த டவுன் பஸ்ஸில் ஏறினார்கள்.

"தெரியாத இடத்துக்கு மூணு டிக்கெட்," என்றான் செம்புலிங்கம்.

"எந்த ஊருய்யா?" என்றார் கண்டக்டர்.

"அது தெரிஞ்சா உங்க பஸ்ல ஏன் ஏறப்போறோம்?"

அவர் கடைசி நிறுத்தத்தில் இறக்கிவிட்டார். எதிரிலேயே பெயர்ப்பலகை. கடைக்குட்டி வெள்ளையப்பன் வாய்விட்டுப் படித்தான்: "கருவேலங்குளம்."

"கெடுத்தியே பாவி. தெரிஞ்சு போச்சே," என்றான் செம்புலிங்கம்.

"என்னைப் படிக்க வெச்சது யாரு? நீதானே."

வேப்பமரத்தடியில் உட்கார்ந்து வெகுநேரம் யோசித்தார்கள். கண்ணைத் திறந்தால்தானே தெரியும்? மூவரும் கண்ணை இறுக மூடிக்கொண்டு, ஒருவன் சட்டையை ஒருவன் பிடித்தபடி, அங்கே வந்து நின்ற பஸ்ஸில் ஏறினார்கள். அதே பஸ், அதே கண்டக்டர். "எங்க வேணா இறக்கி விடுங்க, பேரை மட்டும் சொல்லிடாதீங்க," என்று கேட்டுக்கொண்டார்கள். அந்த மனிதர் மூன்று டிக்கெட்டைக் கிழித்துக் கையில் திணித்தார். இவர்கள் காலையில் ஏறின நிறுத்தத்திலேயே தோளைத் தட்டி இறக்கிவிட்டார்.

ஆக, சொந்த வீட்டு வாசலில், மூடின கண்ணோடு, வேலை ஆரம்பமானது. அருஞ்சுனை ஒரு சொட்டு எண்ணெய் விட்டுத் தேய்த்தான்.

"ஏதாச்சும் ஆச்சா?"

"ஒண்ணும் தெரியலைண்ணே."

"அப்ப ஒண்ணும் ஆகலை. முழுசும் தேய்."

தேய்த்தார்கள். இதை மட்டும் ஊரில் ஒருவரும் பேசுவதில்லை: பசை திரிதிரியாக உருண்டு வந்தே விட்டது. முயல் சுத்தம்.

நாலு மணிக்கு வேன் வந்து நின்ற சத்தம். "மாமா, என் முயலு," என்றது ஒரு குரல்.

"நம்ம நறுமுகை குரல் மாதிரியே இல்ல?" என்று கிசுகிசுத்தான் செம்புலிங்கம்.

"உலகத்துல ஒரே மாதிரி ஏழு பேராம்ணே," என்றான் அருஞ்சுனை. "இது ரெண்டாவது."

"பசிக்குது மாமா. முயலைக் குடுங்க."

"இந்த ஊர்லயும் ஒரு புள்ளை முயல் இல்லாம பட்டினி நிக்குது பாருங்கண்ணே," என்றான் வெள்ளையப்பன்.

"குடுத்துடுடா," என்றான் செம்புலிங்கம், மூடின கண்ணிலிருந்து நீர் வழிய. "நம்ம புள்ளைகிட்ட கால்ல விழுந்துக்கலாம்."

நறுமுகை முயலை அக்குளில் இடுக்கிக்கொண்டு, திறந்து கிடந்த வீட்டுக்குள் ஓடி, அம்மா மூடி வைத்திருந்த பருப்புச் சோற்றை மிச்சமில்லாமல் தின்றாள்.

மாமன்கள் மூவரும் அடுத்து வந்த பஸ்ஸில் தடவித் தடவி ஏறி, வீட்டுக்குக் கிளம்பினார்கள். நாலு தெரு தாண்டின பிறகுதான் கண்ணைத் திறந்தார்கள்.

"தங்கமான ஊருடா," என்றான் செம்புலிங்கம். "முன்னப்பின்ன தெரியாத நம்மளை மாமாங்குது."

"ஆமாண்ணே," என்றான் வெள்ளையப்பன். "பேரைக் கேட்டு வெச்சிருக்கலாம்."