ராஜாவின் ரகசியச் சொல்

கூடலங்குறிச்சியை ஆண்ட உத்தண்ட பூபதிக்கு இரண்டு விஷயங்களில் அபார நம்பிக்கை. ஒன்று அவருடைய மீசை. இன்னொன்று அவருடைய மூளை. மீசையைப் பற்றி ஊரில் யாருக்கும் சந்தேகம் கிடையாது.

அந்த ஊரில் ஆற்று வெள்ளம் அடிக்கடி வீட்டுக்குள் வந்துவிடும். அதனால் ஜனங்கள் நகைநட்டைப் பெட்டியில் போட்டு அரண்மனைக் காப்பறையில் கொடுத்து வைப்பார்கள். ராஜாவின் பெட்டியும் அங்கேதான். பெட்டிக்குப் பெட்டி ஒரு ரகசியச் சொல் உண்டு. யார் போய்ச் சரியான சொல்லைச் சொன்னாலும் பெட்டி கைக்கு வந்துவிடும். முகத்தைப் பார்க்கும் வழக்கமில்லை.

ஒருநாள் காலை வளையல்காரர் பிச்சையாண்டி சபைக்கு வந்து அழுதார்.

"மகாராசா, பச்சைத் தலைப்பா கட்டின காப்பறைக் காவலன் ஒருத்தன் வாசலுக்கு வந்தான். 'உன் பெட்டியை எவனோ எடுக்கப் பாக்குறான், உன் சொல்லைச் சொன்னா இப்பவே தடுத்துடலாம்'னு பறந்தான். எனக்குக் கையும் ஓடலை, காலும் ஓடலை. சொல்லிப்புட்டேன். அவன் காவலனே இல்லையாம் சாமி. பெட்டி போயிருச்சு. வர்ற வெள்ளிக்கிழமை எம் மக வேலாத்தாளுக்குக் கல்யாணம். அவ கழுத்துல போடக் குந்துமணித் தங்கம் இல்லை."

"சொல்லைக் கொடுத்தது யார்?" என்றார் ராஜா.

"நான்தான் சாமி."

"அப்புறம் என்ன? சொல்லை வெளியே விட்டவருக்குப் பெட்டியில் உரிமை இல்லை. சட்டம் அதுதான். எவனோ வந்து கேட்டானாம், இவர் தூக்கிக் கொடுத்தாராம். இப்படியும் ஓர் ஏமாளி இருப்பாரா?"

சபை சிரித்தது. பிச்சையாண்டி கூனிக் குறுகி நின்றார். சிரிக்காதவர் விகடர் கோனேரி ஒருவர்தான். சபையைச் சிரிக்க வைப்பதற்கே சம்பளம் வாங்குகிறவர் உம்மென்று இருந்தால் எந்த ராஜாவுக்குப் பொறுக்கும்?

"ஏன் ஓய், உமக்குச் சிரிப்பு வரவில்லையா?"

"ஏமாந்தவரைப் பார்த்தால் எனக்குப் பயம்தான் வருகிறது மகாராஜா. நாளைக்கு நானாகவும் இருக்கலாம். தாங்களாகவும் இருக்கலாம்."

ராஜாவின் மீசை துடித்தது. "நானா? நாளை சபை கூடுவதற்குள் என் சொல்லை என் வாயிலிருந்து வாங்கும், பார்ப்போம். வாங்கிவிட்டால் நீர் கேட்டதைத் தருகிறேன். முடியாவிட்டால் இதே சபையில் உம் மீசையை வழித்துவிடுவேன்."

"ஆகட்டும். சொல்லை விட்டவருக்குப் பெட்டி இல்லை என்ற சட்டம் தங்களுக்கும் உண்டுதானே?"

"எனக்கும்தான்."

அன்று முழுக்க ராஜா உஷாராக இருந்தார். கோனேரி எதிரே வந்தால் உதட்டை இறுக்கிக்கொண்டார். பாயசம் ருசியா என்று கோனேரி கேட்டதற்குக்கூட ஜாடையில்தான் பதில். சொக்கட்டான் ஆடலாமா என்று வந்த ராணியிடம், "உன்னை அனுப்பியது கோனேரியா?" என்று கேட்டு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்.

சாயங்காலம் பச்சைத் தலைப்பாகைக் காவலன் ஒருவன் மூச்சிரைக்க ஓடிவந்து காலில் விழுந்தான்.

"மகாராஜா, மோசம் போனோம். கோனேரி ஐயா காப்பறையில் நிற்கிறார். தங்கள் சொல் தெரியும் என்று ஒரு சொல்லைச் சொல்கிறார். பெட்டியை வெளியே எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்."

ராஜாவுக்குக் குப்பென்று வியர்த்தது. "என்ன சொன்னான்?"

"அதை நான் உரக்கச் சொன்னால் என் தலை போய்விடுமே. தாங்கள் என் காதில் சொல்லுங்கள், அதுவா இல்லையா என்று சொல்லிவிடுகிறேன். சீக்கிரம் மகாராஜா."

ராஜா குனிந்து அவன் காதில் கிசுகிசுத்தார்.

காவலன் முகம் மலர்ந்தது. "அது இல்லை மகாராஜா. அவர் ஏதோ பூசணிக்காய் என்றார்."

"அப்பாடா. விரட்டிவிடு அந்த ஆளை."

அன்று ராஜா இரட்டிப்பாகச் சாப்பிட்டார். மறுநாள் நாவிதரைத் தாமே அழைத்துக்கொண்டு சபைக்கு வந்தார். கோனேரியும் வந்தார். அவர் மார்பில் ராஜாவின் மரகதப் பதக்கம் தொங்கியது.

"வெல்லப் பணியாரம்," என்றார் கோனேரி. "சொன்ன மாத்திரத்தில் பெட்டியைக் கொடுத்துவிட்டார்கள்."

"நான் உம்மிடம் வாயே திறக்கவில்லையே?"

"என்னிடம் இல்லை. இவரிடம்."

பின்னால் நின்ற காவலன் தலைப்பாகையை அவிழ்த்தான். பிச்சையாண்டி. முந்தின நாள் காலை ராஜாவின் கண்ணெதிரே நின்று அழுத அதே பிச்சையாண்டி. சிரிப்பதா வேண்டாமா என்று சபை தவித்தது. முதலில் சிரித்தவர் நாவிதர்.

"சரி, பதக்கத்தைக் கழற்றும்," என்று ராஜா முணுமுணுத்தார்.

"எப்படி மகாராஜா? சொல்லை வெளியே விட்டவருக்குப் பெட்டியில் உரிமை இல்லையே. இதை அழித்து என் வீட்டுக்காரிக்கு ஒட்டியாணம் செய்யலாம் என்றிருக்கிறேன்."

ராஜாவின் கை மீசைக்குப் போய், பாதியிலேயே இறங்கியது. நேற்றுச் சாயங்காலம் தமக்கு வியர்த்தது நினைவுக்கு வந்தது. பெட்டி போகிறது என்றதும் வேறெதுவும் தோன்றவில்லை. இந்த மனுஷனுக்கும் அப்படித்தானே இருந்திருக்கும்? அவரைச் சபை நடுவே ஏமாளி என்றோமே என்று ராஜாவுக்கு உண்மையிலேயே வெட்கமாகிவிட்டது. சிரித்தும்விட்டார்.

"தோற்றேன் ஓய். என்ன வேண்டும், கேளும்."

"அந்தச் சட்டம் போகட்டும். வேலாத்தாள் கல்யாணத்துக்கு அரண்மனை நகை போகட்டும். அரண்மனை ஆள் எவனும் யாருடைய சொல்லையும் கேட்க மாட்டான், கேட்பவன் திருடன் என்று ஊரெல்லாம் தண்டோரா போடட்டும்."

அப்படியே நடந்தது. தண்டோராச் சத்தம் எட்டாத தூரத்தில் இருந்த அந்தப் பச்சைத் தலைப்பாகைத் திருடன், விஷயம் தெரியாமல் செக்கடித் தெருவுக்கு வந்து ஒரு வீட்டில் சொல்லைக் கேட்டான். தெருப் பெண்கள் அவனைச் செக்கோடு சேர்த்துக் கட்டினார்கள். பிச்சையாண்டியின் பெட்டியும் அவன் மூட்டையிலேயே அகப்பட்டது.

ராஜாவுக்கு ஒரே குஷி. கோனேரிக்குப் பட்டுச் சால்வை போர்த்தினார். போர்த்தியவர் அப்படியே அவரைப் பக்கத்தில் இழுத்துக் குரலைத் தாழ்த்தினார்.

"ஓய், புதுச் சொல் ஒன்று யோசித்து வைத்திருக்கிறேன். இனி எந்தக் கொம்பனாலும் கண்டுபிடிக்க முடியாது. அது என்னவென்றால்..."

கோனேரி இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, சால்வை தரையில் புரள, சபையை விட்டே ஓடினார்.