தண்ணீருக்கு வாசற்படி கட்டிய நண்டு

கடலோரப் பாறைகளுக்கு நடுவே ஒரு குட்டை இருந்தது. அதில் வளையன் என்ற கடல்குதிரை வாழ்ந்தது. குட்டைக்கரை மணலில் வளை தோண்டி, சிவலை என்ற நண்டு வாழ்ந்தது. இரண்டும் உயிர் நண்பர்கள்.

கடல் ஏறும்போதெல்லாம் அலை பாறை இடுக்கு வழியாகப் புகுந்து, குட்டையில் புதுத் தண்ணீரை விட்டுப் போகும். ஒரு புயலில் அந்த இடுக்கை மணல் மூடிவிட்டது. அதன் பிறகு குட்டைக்கு ஒரு சொட்டுப் புதுத் தண்ணீர்கூட வரவில்லை. வெயில் காய்ந்தது. தண்ணீர் சூடாகி, உப்பு முற்றி, பாசி நாற்றம் அடித்தது.

வளையனின் வயிற்றுப் பையில் குஞ்சுகள் இருந்தன. கடல்குதிரைகளில் பிள்ளை சுமப்பது அப்பாதான்!

"மாப்பிள்ளை, மூச்சு முட்டுதுடா. நான் எப்படியோ சமாளிச்சுக்குவேன். இந்தத் தண்ணியில பிறந்தா பிள்ளைங்க தாங்காது," என்றது வளையன்.

"உன்னைத் தூக்கிட்டுப் போய்க் கடல்ல விட்டுடவா?"

"உன் கொடுக்குலயா? ஐயோ, வேண்டாம்! அப்படியே போய்ச் சேர்ந்தாலும் இந்த வயித்தோட என்னால அலையில நிக்க முடியுமா?"

"அப்போ நீ கடலுக்குப் போக வேண்டாம். கடலை உன்கிட்டக் கூட்டிட்டு வர்றேன்!"

சொன்ன கையோடு சிவலை மணல்மேட்டில் வாய்க்கால் வெட்டத் தொடங்கியது.

மணல் நண்டுகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. தோண்டத் தொடங்கினால் அடியில் நீர் ஊறும்வரை நிறுத்துவதில்லை. ஆழமான வளைதான் நல்ல வளை! வாய்க்காலையும் சிவலை அப்படியே வெட்டியது. நீர் ஊறிக் கால் நனைந்த பிறகுதான் நிமிர்ந்தது.

கரையில் குடுகுடுவென்று ஓடிக்கொண்டிருந்த உப்புக்கொத்திப் பறவை நின்று வேடிக்கை பார்த்தது.

"என்ன நண்டாரே, கடலுக்கே வழி காட்டப் போறீரா?"

"போய் உன் வேலையைப் பாருக்கா!"

"நண்டு தின்கிறதுதானே என் வேலை! நீ என் வாய்க்குப் பெருசாப் போயிட்ட. பிழைச்சுப் போ!"

கடல் ஏறியது. வாய்க்கால் வழியே தண்ணீர் குபுகுபுவென்று உள்ளே பாய்ந்தது.

"வந்துருச்சு! வந்துருச்சு!" என்று சிவலை கொடுக்கைத் தூக்கிக்கொண்டு ஆடியது. வளையன் குளிர்ந்த நீரில் சுழன்று சுழன்று நீந்தியது.

பிறகு கடல் வற்றத் தொடங்கியது. வந்த வழியிலேயே தண்ணீர் திரும்பியது. வந்தது மட்டுமா போனது? முன்பே குட்டையில் இருந்ததையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போனது! ஓட்டத்தில் மணல் கரைய, வாய்க்கால் அகன்றுகொண்டே போனது.

"சிவலை! தண்ணி போகுதுடா!"

சிவலை வாய்க்காலுக்குள் பாய்ந்து, கால்களை விரித்துக் குறுக்கே படுத்தது. தண்ணீர் அதன் வயிற்றுக்கு அடியில் புகுந்து ஓடியது.

"அக்கா! உப்புக்கொத்தி அக்கா! ஓடி வா!"

உப்புக்கொத்தி சிரிக்க வாய் திறந்தது. குட்டையின் அடியில், கடற்புல்லை வாலால் பற்றிக்கொண்டு சரிந்து கிடந்த வளையனைப் பார்த்தது. வாயை மூடிக்கொண்டது. ஓடிப் போய் அலகு நிறையப் பாசி கொண்டுவந்து நண்டின் வயிற்றுக்கு அடியில் திணித்தது. திரும்பி நின்று, காலால் மணலைப் பறித்து அதன் முதுகின்மேலேயே தள்ளியது. ஒருவழியாக ஓட்டம் நின்றது. படுத்துக்கிடந்த வளையனை மூடுகிற அளவுக்குத்தான் தண்ணீர் மிஞ்சியிருந்தது.

மணலுக்குள்ளிருந்து சிவலை வெளியே வந்தது. "உன்னைக் கொன்னுருப்பேனேடா!" என்று அழுதது.

"கொல்லலையே. ஆனா ஒண்ணு கேக்கறேன். நான் நிக்க எவ்வளவு தண்ணி வேணும்னு நீ ஏன் என்னைக் கேக்கவே இல்ல?"



"எனக்கு ஈரம் இருந்தா போதும்," என்றது சிவலை. "உனக்கும் அது போதும்னு நினைச்சுட்டேன் போல. சரி, இப்பக் கேக்கறேன். எவ்வளவு வேணும்?"

"பாறையில வெள்ளைச் சிப்பி ஒட்டியிருக்கு பாரு. எப்பவும் அது முழுகி இருக்கணும். இப்ப இருக்கிற தண்ணியில அடுத்த ஏற்றம்வரைக்கும் தாங்குவேன். அதுக்கு மேல சொல்ல முடியாது."

சிவலை நேராக அலை விளிம்புக்கு ஓடியது. அங்கே ஒரு சின்னக் குழி பறித்தது. அலை உள்ளே வரக் கடல் பக்கம் ஒரு வாசலும், பழைய தண்ணீர் வெளியேற எதிர்ப் பக்கம் ஒரு வாசலும் வைத்தது. இந்த முறை இரண்டையும் ஆழமாக வெட்டாமல், உயரத்தில் படி விட்டு அமைத்தது.

"இங்க உயிர் போகுது, நீ குழி விளையாடுறியா?" என்று உப்புக்கொத்தி சீறியது.

"இந்தக் குழியில யாரும் இல்லக்கா. இது தப்பாப் போனா யாருக்கும் ஒண்ணும் ஆகாது. ஒவ்வொரு அலையும் ஒரு சின்ன ஏற்றம், ஒரு சின்ன வற்றம்தானே? பார்த்துடலாம்!"

அலை வந்தது; குழி நிறைந்தது. அலை போனது; மணல் படி கரைந்து குழி வெறுமையானது.  சிவலை மீண்டும் படி அமைத்து, அதன்மேல் கிளிஞ்சல் ஓடுகளை நெருக்கிப் பதித்தது. அலை வந்தது, போனது. மறுபடி வந்தது, போனது. படி அசையவில்லை. குழியில் தண்ணீர் நின்றது!

"ஓடு பொறுக்குக்கா!"

"நிறையவா?"

"கிடைச்சதெல்லாம்!"

கடல் ஏறி வருவதற்குள் இரண்டுமாகக் குட்டைக்கு இரண்டு வாசல் வைத்து, வெள்ளைச் சிப்பி இருக்கும் மட்டத்துக்கு மேலாகப் படி கட்டி, ஓடு பதித்து முடித்தன.

கடல் ஏறியது. அலை முதல் படியைத் தாண்டி உள்ளே விழுந்தது. குட்டை நிறைந்ததும் சிவலை ஒரு பாசித்துணுக்கைக் கிள்ளிப் போட்டது. அது குட்டையைச் சுற்றிவந்து, எதிர்வாசல் படி வழியாகப் பழைய தண்ணீரோடு வெளியேறியது.

சிவலை இந்த முறை ஆடவில்லை. "இன்னும் வற்றம் இருக்கு," என்றது.

கடல் வற்றியது. குட்டை நீர் இறங்கியது. இன்னும் இறங்கியது. சிவலை வெள்ளைச் சிப்பியையே பார்த்துக்கொண்டிருந்தது. படியின் மட்டம் வந்ததும் தண்ணீர் நின்றது. வெள்ளைச் சிப்பி முழுகியே இருந்தது.

"மாப்பிள்ளை!" என்று வளையன் கூப்பிட்டது. "எனக்கு வயிறு இழுக்குது!"

வளையன் குனிந்து குனிந்து நிமிர்ந்தது. ஒவ்வொரு தடவையும் பையிலிருந்து புகைபோலக் குஞ்சுகள் கிளம்பின. புதுத் தண்ணீர் அவற்றை மெல்லச் சுற்றிக் காட்டியது. அதில் ஒரு குஞ்சு, தண்ணீருக்குள் நீட்டியிருந்த சிவலையின் கொடுக்கைப் புல் என்று நினைத்து, தன் நூல் வாலைச் சுற்றிப் பிடித்துக்கொண்டது.

"என்ன நண்டாரே, சிலையாயிட்டீரா?" என்றது உப்புக்கொத்தி.

"சத்தம் போடாதக்கா! குழந்தை பிடிச்சிருக்கு!"

உதவ நினைப்பவர் தம் அளவை வைத்து அளக்காமல், உதவி வேண்டுபவரின் அளவைக் கேட்டறிந்தே செய்ய வேண்டும்.