ஒருநாளும் விழாத பார்ட்டிஷன்

“பெனாசிரைக் கொஞ்சம் கண்டிச்சு வைங்க மேடம். என் பார்ட்டிஷனை உடைச்சிரும் போல இருக்கு.”

மாசிலாமணி மூச்சு வாங்க வந்து நின்றார்.

ஆயுத பூஜை நாள். சர்வர் அறையின் பொறுப்பாளர் அருந்தவச்செல்வி, கீபோர்டு ஒவ்வொன்றுக்கும் சந்தனம் வைத்துக்கொண்டிருந்தார். வயதில் மாசிலாமணிக்கு இளையவர்தான். ஆனால் யூனிக்ஸ் வித்தையில் அவருக்கு இவர்தான் குரு.

“என்ன செய்யுது அந்தப் பொண்ணு?”

“எல்லா ஆஸ்பத்திரியும் ஒரே நேரத்துல ரத்தம் கேட்டா என்ன ஆகும்னு பார்க்கணுமாம். அவ்வளவு பாரத்தை ஏத்தினா தாங்குமா மேடம்?”

அந்த அறையில் இருந்தது ஒரே ஒரு பெரிய யூனிக்ஸ் சர்வர். ஒரே வீட்டைத் தடுத்துப் பல குடித்தனம் வைத்த மாதிரி, அதற்குள் பல பார்ட்டிஷன்கள். ஒவ்வொன்றும் தன்னைத் தனி மெஷின் என்றே நினைத்துக்கொள்ளும். ஒன்றில் இடி விழுந்தாலும் பக்கத்தில் இருப்பதற்குக் கேட்காது.

அதில் ஒன்றில்தான் மாவட்டத்து ரத்த வங்கியின் கணக்கு முழுவதும் ஓடியது. திங்கட்கிழமை அதில் புது மென்பொருள் ஏற வேண்டும். முன்னதாக அதைச் சோதித்துப் பார்ப்பதற்கென்று மாசிலாமணி தன் கையாலேயே இன்னொரு பார்ட்டிஷன் அமைத்திருந்தார்.

காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு அல்லவா? அதில் யார் கை வைத்தாலும் மனிதருக்கு முகம் சுருங்கிவிடும். சோதிக்க வந்தவர்கள் அந்த முகத்துக்குப் பயந்து, தொட்டும் தொடாமலும் பார்த்துவிட்டு, எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லிப் போனார்கள். பெனாசிர் வேலைக்குப் புதிது. பயம் இன்னும் பழகவில்லை.

மாசிலாமணி திரையைத் திருப்பிக் காட்டினார்.

“நீங்களே பாருங்க. உருவான நாள்லேர்ந்து ஒரு தடவைகூட ஓட்டம் நின்னு விழுந்ததில்லை.”

குரலில் பெருமை வழிந்தது.

“அடேயப்பா! விழுந்ததே இல்லையா?” என்றார் செல்வி.

மூலையில் இருந்த பூசணிக்காயை எடுத்து நீட்டினார்.

“பூஜை ஆச்சு. நம்ம சர்வருக்குக் கண்ணு படாம இதைச் சுத்திப் போட்டுருங்கண்ணே.”

உள்ளே குங்குமம் கொட்டி, மேலே கற்பூரம் ஏற்றிய காய். மாசிலாமணி பச்சைப் பிள்ளையைத் தூக்குவது போல அதை வாசலுக்குக் கொண்டுபோனார். மூன்று சுற்று சுற்றினார். ஓங்கிப் போட்டார்.

காய் சுக்கல் சுக்கலாகச் சிதறியது. எல்லோரும் கைதட்டினார்கள்.

செல்வி மட்டும் உச்சுக்கொட்டினார்.

“ஐயையோ! எவ்வளவு பதனமாக் கொண்டுவந்தீங்க. நல்ல காயைப் போயி உடைச்சிட்டீங்களே.”

“என்ன மேடம் இப்படிக் கேட்கிறீங்க? இது உடைஞ்சாத்தானே உள்ள இருக்கிறதுக்கு ஒண்ணும்…”

வாய் பாதியில் நின்றது.

அடுத்த நிமிடம் அவர் உள்ளே ஓடினார்.

“பெனாசிர்! ஏத்தும்மா. எல்லா ஆஸ்பத்திரியையும் ஏத்து. கூட நாலு ஆஸ்பத்திரி வேணும்னாலும் கற்பனை பண்ணி ஏத்து!”

பொரியும் சுண்டலும் பரிமாறத் தொடங்கியிருந்த நேரம். பெனாசிரின் திரை உறைந்துபோனது. அவள் முகமும்தான்.

“சார்… மன்னிச்சிருங்க. விழுந்திருச்சு. விழறதுக்கு முந்தி, ஒரே ரத்தப் பையை ரெண்டு ஆஸ்பத்திரிக்கு ஒதுக்கியிருக்கு.”

மாசிலாமணி திரைமேல் குனிந்தார். திங்கட்கிழமை. ஒரு பை. காத்துக்கிடக்கும் இரண்டு உயிர்கள்.

பக்கத்துப் பார்ட்டிஷனை எட்டிப் பார்த்தார். நிஜமான ரத்த வங்கி எதுவும் அறியாமல் நிதானமாக ஓடிக்கொண்டிருந்தது.

அப்போது வந்தது சிரிப்பு. அடக்கவே முடியவில்லை. தன் பங்குப் பொரியை அப்படியே பெனாசிரின் கையில் கொட்டினார். பேரப்பிள்ளை பிறந்த சேதி சொல்கிறவர் போலத் தாழ்வாரத்தில் கூவிக்கொண்டே ஓடினார்.

“மேடம்! உடைஞ்சிருச்சு மேடம்! உடைஞ்சே போச்சு!”

செல்வி சுண்டல் தட்டிலிருந்து நிமிரவில்லை.

“ரொம்ப சந்தோஷம். அடுத்த காயை எடுத்துட்டு வாங்கண்ணே.”