உறைக்குள் இருந்த மருந்து

மலையடிவாரத்தில் ஒரு மடம். அதன் தலைவி செண்பகவடிவு என்ற துறவி. அவரிடம் சீடராக வந்து சேர்ந்த மாசிலாமணி அவரைவிட வயதில் மூத்தவர், தலை முழுக்க நரைத்தவர். காலமெல்லாம் பூச்சிமருந்து ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்துவிட்டு, போதும் என்று எழுந்து வந்தவர்.

அந்தச் சித்திரையில் மடத்துக் கத்திரிப் பாத்தியில் புழு விழுந்தது. பௌர்ணமிக்கு மலையேறும் சனத்துக்கு மடத்தில்தான் சோறு. கத்திரிக்காய்க் குழம்பு இல்லாமல் அந்தப் பந்தி நடந்ததே இல்லை. மாசிலாமணி யாரிடமும் சொல்லாமல், தான் கடைசியாகச் செய்த நானோ மருந்தைப் பெட்டியிலிருந்து எடுத்து அடித்தார். பழைய மருந்தில் பாதிகூடத் தேவைப்படவில்லை. புழு செத்தது. காய் மினுமினுத்தது.

மனம் கேளாமல் பாத்தி மண்ணை ஆய்வுக்கூடத்துப் பழைய நண்பர் ஒருவருக்கு அனுப்பிச் சோதிக்கச் சொன்னார். மருந்து இல்லை என்றார் நண்பர். பிறகு ஒரு கோடை மழை பெய்தது. எதற்கும் இருக்கட்டும் என்று மறுபடி மண் அனுப்பினார்.

பௌர்ணமியன்று காலையில் நண்பர் போனில் சொன்னார்: "இப்ப இருக்குப்பா."

மாசிலாமணி பாத்தி ஓரத்திலேயே நின்றுவிட்டார். சமையற்காரப் பேச்சியம்மாள் கூடையோடு வந்தாள்.

"என்ன சாமி, பொண்ணு பாக்க வந்தவுக மாதிரி காயையே பாத்துக்கிட்டு நிக்கிறீக? பறிச்சுத் தாங்க. உலை கொதிக்குது."

அவளுக்குப் பின்னாலேயே வந்த குருவைக் கண்டதும் மாசிலாமணி எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

"முதலில் இல்லாதது பிறகு எப்படி வந்தது?" என்றார் குரு.

"வரவில்லை அம்மா. இருந்தது. மருந்தைக் கண்ணுக்குத் தெரியாத சிறு உறைகளுக்குள் வைத்திருந்தேன். உறையை விட்டு வெளியே வந்ததைத்தான் அந்தச் சோதனை காட்டும்."

"உறை எதற்கு?"

"வெயிலில் கெடாமலிருக்க. மழை கழுவாமல் இலையைப் பிடித்துக்கொள்ள. கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வர."

"இலையைப் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தீர்கள். மண்ணில் விழுந்தால்?"

"சொல்லிக்கொடுக்கவில்லை அம்மா. சில, களிமண்ணோடு ஒட்டிக்கொள்ளும். சில, தண்ணீரோடு இறங்கிவிடும். எது எங்கே போய்த் திறக்கும் என்று இந்த மண்ணில் யாரும் பார்த்ததில்லை."

குரு குனிந்து ஒரு பிஞ்சைப் பறித்தார். வாய்க்குக் கொண்டுபோனார். மாசிலாமணி பாய்ந்து அதைத் தட்டிவிட்டார்.

"விஷமா?"

"தெரியாது."

"விஷம் இல்லையா?"

"அதுவும் தெரியாது அம்மா."

பேச்சியம்மாள் கூடையைத் தொப்பென்று போட்டாள். "அடப் பாவி மனுசா! ஊர்ச்சனம் திங்கிற சோத்துலயா பரீட்சை வச்சுப் பாத்தீரு?"

"ரசமும் துவையலும் போதும் பேச்சியம்மா," என்றார் குரு. "குழம்பு ஏன் இல்லை என்று பந்தியில் இவரே சொல்வார்."

மலை மேல் இடி உருண்டது. பாத்தியிலிருந்து இறங்கும் வாய்க்கால் நேரே ஊருணிக்குப் போகிறது. ஊரே குடிக்கிற தண்ணீர். மாசிலாமணி ஓடிப்போய் மண்வெட்டியை எடுத்து வந்தார்.

"மண்ணை முழுக்க வெட்டி வெளியே கொட்டிவிடுகிறேன்."

"வெளியே என்றால் எங்கே?"

அவர் சுற்றிப் பார்த்தார். கீழே ஊருணி. மேலே சுனை. அந்தப் பக்கம் ஆடு மேய்கிற புறம்போக்கு. இந்தப் பக்கம் யாருடைய வயலோ. ஓங்கிய மண்வெட்டி இறங்கவில்லை.

குரு இன்னொரு மண்வெட்டியை எடுத்தார். பாத்தியை விட்டுத் தள்ளி, சுற்றிலும் வரப்பு போடத் தொடங்கினார். மாசிலாமணியும் சேர்ந்துகொண்டார். வாய்க்கால் வாயை அடைத்தார்கள். வரப்பு முழங்கால் உயரம் வந்தபோது மழை பிடித்துக்கொண்டது. பாத்திக்குள் தண்ணீர் தேங்கி, மெல்ல மெல்லக் கீழே இறங்கியது. அதை எந்த வரப்பும் தடுக்காது என்று மாசிலாமணிக்குத் தெரியும்.

"அம்மா, பயமாக இருக்கிறது. கண்ணை மூடினால் கீழே அந்த உறைகள் ஒவ்வொன்றாகத் திறக்கிற மாதிரி இருக்கிறது. இந்தப் பயம் போக ஒரு வழி சொல்லுங்கள்."

"பயம் போக வேண்டாம்," என்றார் குரு. "இந்தப் பாத்திக்கு வேறு காவல் இல்லை."