முப்பத்தேழாம் பக்கம்

இந்தக் கதையில் குருவுக்கு வயது முப்பத்து மூன்று. சீடருக்கு அறுபத்து இரண்டு. தலைகீழாக இருக்கிறதே என்று முகம் சுளிப்பவர்கள் பல்வலியில் துடித்திருக்க மாட்டார்கள். வலி வந்தால் வைத்தியரின் வயதை யார் விசாரிக்கிறார்கள்?

குருவின் பெயர் பூங்கோதை. ஈரோட்டில் ஒரு மாவு மில்லின் மாடியில் பல் செட்டு செய்யும் பட்டறை வைத்திருந்தார். பல் அச்சு எடுக்கிற அதே மாவில் அச்செடுத்து, ஈயமும் தகரமும் உருக்கி ஊற்றி, கட்டைவிரல் உயரத்தில் விண்வெளிச் சிப்பாய்களையும் வார்ப்பார். அவ்வளவு தத்ரூபம். ஒரு தடவை ஜன்னல் வழியாக வந்த கொசு ஒன்று, மேஜையில் நின்ற பீரங்கியைப் பார்த்துவிட்டு வந்த வழியே திரும்பிப் போனது. போய்ச் சொல்லியும் விட்டது போல. அதன்பிறகு அந்தத் தெருவில் கொசு கிடையாது. நம்பாதவர்கள் ஒருநாள் வலை இல்லாமல் படுத்துப் பார்க்கலாம்.

சீடர் சென்னியப்பன். ஓய்வு பெற்ற சர்வேயர். நாலு வருஷத்துக்கு முன்பு பல் கட்ட வந்தவர், பையிலிருந்து கை ஒடிந்த ஒரு ஈயச் சிப்பாயை எடுத்து, "இதுக்கும் ஒண்ணு கட்டிக் குடுப்பீங்களா?" என்றார்.

"இது யாருங்க?" என்றார் பூங்கோதை.

அங்கே ஆரம்பித்தது. அது 'அண்டப்போர்' என்கிற பழைய ஆட்டத்தின் சிப்பாய். எண்பதுகளில் வெளிநாட்டிலிருந்து டப்பாவில் வந்தது. ஆளுக்கொரு சேனை, ஒரு இஞ்சு டேப், நாலு பகடை. தயாரித்த கம்பெனி எப்போதோ மூடிவிட்டது. ஆடினவர்களும் கல்யாணம், வேலை, சர்க்கரை வியாதி என்று கலைந்து போனார்கள். பூங்கோதை சிப்பாய்களை வார்க்க ஆரம்பித்ததும் ஏழெட்டுப் பேர் பரணிலிருந்து டப்பாக்களை இறக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். சென்ட் பாட்டில் விண்கலமானது. உடைந்த பல் அச்சுகளை வரிசையாக நட்டு, கீழ்த்தாடை மலைத்தொடர் என்று பெயர் வைத்தார்கள்.

விதிப்புத்தகம் சென்னியப்பனிடம் மட்டுமே மிஞ்சியிருந்தது, தாளுக்கு ஒரு பக்கம் மட்டும் அச்சடித்த புத்தகம். அதில் முப்பத்தேழாம் பக்கம் மட்டும் இல்லை. முப்பத்தாறாம் பக்கத்தின் கடைசி வரி, "ஒரு சிப்பாயின் பார்வையில் எதிரி இருக்கிறான் என்பதற்கு அடையாளம்" என்று நிற்கும். முப்பத்தெட்டாம் பக்கம், "ஆகவே செத்தவனை மேஜையிலிருந்து அகற்றவும்" என்று தொடங்கும். நடுவில் என்ன என்பது யாருக்கும் தெரியாது. அந்த ஒரு பக்கம் இல்லாததால்தான் குரு தேவைப்பட்டார். வழக்கு வந்தால் பூங்கோதை ஏதாவது சொல்வார். யாருக்கும் புரியாது. ஆனால் சண்டை நின்றுவிடும். அதனால் குரு என்றே அழைக்க ஆரம்பித்தார்கள்.

மேஜைக்கும் ஒரு குறை இருந்தது. ஒரு கால் குட்டை. கீழே மில் ஓடினால் மேஜை ஆடும், சேனைகள் தாமாகவே நடக்கும். மில் ஓடும்போது யாரும் அளக்கக் கூடாது என்றே ஒரு கட்டுப்பாடு. காலுக்கு அடியில் வைக்க அட்டையும் ஓட்டுச்சில்லுமாகப் பலபேர் கொண்டுவந்தார்கள். குரு எல்லாவற்றையும் தூக்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"சரியான கனம் வரட்டும்ங்க."

ஒரு சனிக்கிழமை மதியம் சென்னியப்பன் மூச்சிரைக்க மாடி ஏறி வந்தார்.

"குருவே, கமாலுதீன் நாளைக்கு வர்றான்."

"எந்தக் கமாலுதீன்?"

"ஜவுளிச் சந்தையில கடை போட்டிருந்தானுங்க. எங்கூட அண்டப்போர் ஆடினவன். எண்பத்தொம்பதுல பிரிஞ்சது. இப்ப ஆம்பூர்ல மக வீட்டுல இருக்கான். நம்ம மேஜை போட்டோவை அந்தப் புள்ளை செல்போன்ல பார்த்துக் காட்டியிருக்கு. நேத்து கூப்பிட்டான்."

"என்ன சொன்னாருங்க?"

"சௌக்கியமான்னுகூடக் கேக்கலைங்க. விட்ட இடத்துல இருந்து ஆடலாம், என் ஆள் சுட்டது செல்லும்னா உட்காருவேன், செல்லாதுன்னா அடுத்த பஸ்சுன்னான்."

சென்னியப்பன் ஒரு பழைய அளவை நோட்டைப் பிரித்தார். அன்றைய ஆட்டம் நின்றபடியே அதில் வரைபடமாக இருந்தது. ஒவ்வொரு சிப்பாயும் கால் இஞ்சு சுத்தமாக அளந்து குறிக்கப்பட்டிருந்தான். அவர் பேசிக்கொண்டே மேஜையில் சேனைகளை அடுக்கினார். தீப்பெட்டிச் சுவரைக் கட்டினார். சுவருக்கு அந்தப் பக்கம் தன் தளபதியை நிறுத்தினார்.

"கமாலோட ஒத்தைக்கொம்பன் ரோபோ இங்கே நின்னுச்சுங்க." ஒரு வெற்றிடத்தைத் தொட்டுக் காட்டினார். "என் தளபதியைச் சுட்டேன்னான். செத்தா என் சேனை காலி. நடுவுல சுவர் இருக்குதேடா, உன் ஆளுக்கு எப்படித் தெரியும்னேன். தெரியும்னான். நான் நூல் கட்டிப் பார்த்தேன். நூல் சுவர்ல உரசுச்சு."

"அப்புறம்?"

"பேச்சு முத்திப்போச்சு. நான் எந்திரிச்சு டீக்கடைக்குப் போயிட்டேன். வந்து பார்த்தா ஆள் இல்லை. புத்தகத்தைப் பார்க்கலாம்னா அந்தப் பக்கம் இல்லை. ஊக்கு தளர்ந்து எங்கியோ விழுந்திருக்குது. நீங்க சொல்லுங்க குருவே. அந்த ரோபோவுக்கு என் தளபதி தெரிஞ்சானா, தெரியலையா?"

"குனிஞ்சு பாருங்க," என்றார் குரு.

"எங்கே?"

"ரோபோ நின்ன இடத்துல. கன்னத்தை மேஜையில வெச்சு, அவன் கண்ணுல இருந்து பாருங்க."

சென்னியப்பன் குனிந்தார். உடனே நிமிர்ந்தார்.

"எந்த உயரத்துல இருந்து பார்க்கிறதுங்க? ஆள் இல்லையே."

குரு கையிலிருந்த கடைவாய்ப் பல்லை அரத்தில் தேய்த்துக்கொண்டிருந்தார்.

சென்னியப்பனின் கை சட்டைப்பைக்குப் போனது. திரும்பி வந்தது. மறுபடி போனது. கடைசியில் சாயம் எல்லாம் உதிர்ந்து வழவழவென்று தேய்ந்திருந்த ஒரு ரோபோவை எடுத்து அந்த வெற்றிடத்தில் வைத்தார். அதன் ஒற்றைக்கொம்பு மொண்ணையாகிப் போயிருந்தது. ஒட்டின கை மட்டும் புதிதாக மின்னியது.

நாலு வருஷத்துக்கு முன்பு தான் ஒட்டிக்கொடுத்த கை. குரு அதைப் பார்த்தார், பல்லைத் தேய்த்தார்.

"டீக்கடைக்குப் போறப்ப பையில போட்டுக்கிட்டனுங்க," என்றார் சென்னியப்பன், சுவரைப் பார்த்தபடி. "பார்வை இல்லாதவனுக்கு இங்கே என்ன வேலைன்னு சொல்லிட்டு."

"அன்னிக்கு இப்படிக் குனிஞ்சு பார்த்தீங்களா?"

"நூல் கட்டினனுங்க."

"குனிஞ்சு பார்த்தீங்களான்னு கேட்டேன்."

சென்னியப்பன் குனிந்து கன்னத்தை மேஜையில் வைத்தார். ஒரு கண்ணை மூடினார்.

"என்னங்க தெரியுது?"

"சுவர்... சுவருக்கு மேலே..."

கீழே யாரோ மிளகாய் அரைக்க வந்தார்கள். மில் ஓடத் தொடங்கியது. மேஜை ஆடியது.

"தளபதி தொப்பி தெரியுது. இல்லை, தெரியலை. இப்பத் தெரியுது. ஐயையோ, போயிட்டான். குருவே, மறுபடி வந்துட்டான்!"

மில் நின்றபோது சேனைகள் ஒவ்வொன்றும் அரை இஞ்சு நகர்ந்திருந்தன. முப்பத்தாறு வருஷத்து அளவு அத்தனையும் போயிற்று. மிளகாய் நெடியில் சென்னியப்பன் பன்னிரண்டு தும்மல் தும்மினார். பன்னிரண்டாவது தும்மலில் கீழ்த்தாடை மலைத்தொடரே இரண்டு பல் தள்ளி நின்றது என்பார்கள்.

"இப்ப என்னங்க தீர்ப்பு?" என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டு.

குரு ஒரு கதை சொன்னார்.

"ஒரு கோள்ல ஒரு காவல்காரன். எதிரி வந்தா மணி அடிக்கணும், அதான் அவன் வேலை. தொள்ளாயிரம் வருஷம் கண்ணைச் சிமிட்டாம நின்னான். ஒருநாள் பக்கத்துல யாரோ வந்து, 'அண்ணா, இங்கே தண்ணி கிடைக்குமா?'ன்னு கேட்டாங்க. காவல்காரன் திரும்பிக்கூடப் பார்க்கலை. 'சத்தம் போடாதய்யா, எதிரி வர்ற நேரம்'னான்."

சென்னியப்பன் காத்திருந்தார்.

"அப்புறம்ங்க?"

"அவ்வளவுதான்."

"வந்தது எதிரிதானுங்களா?"

"தெரியலைங்க. தண்ணி கேட்டாங்க."

"நான் கேட்டது பார்வைக்கோட்டைப் பத்திங்க!"

"ஆமாங்க," என்றார் குரு. "ரோபோ இங்கேயே இருக்கட்டும். நீங்க நாளைக்கு வாங்க."

"இங்கேயா? அவன் வந்து பார்த்தா?"

குரு பல்லை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

சென்னியப்பன் வீட்டுக்குப் போனார். போகிற வழியில் நாலு தடவை சட்டைப்பையைத் தொட்டார். பை காலியாக இருந்ததில் நடையே ஒரு பக்கம் சாய்ந்தது. அவர் மனைவி, "என்னங்க, நெஞ்சு வலிக்குதுங்களா?" என்றார். காவல்காரன் கதையை அவரிடம் சொல்லிப் பார்த்தார். "தண்ணி குடுத்திருக்கலாம்ல," என்றார் அந்த அம்மாள். சென்னியப்பனுக்குக் குழப்பம் இன்னும் கூடியது.

ஞாயிறு காலை பத்து மணிக்கு கமாலுதீன் கைத்தடியோடு மாடி ஏறி வந்தார். தலை முழுக்க வெள்ளை. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"கிழவனாயிட்டியேடா," என்றார் கமாலுதீன்.

"நீ மட்டும் மாப்பிள்ளையாட்ட இருக்கறயாக்கும்?"

கமாலுதீன் மேஜையைச் சுற்றி வந்தார். நின்றார். குனிந்தார். ரோபோவை எடுத்து உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். படிக்கட்டை நோக்கி அந்தக் கைத்தடி திரும்பப் போகிறது என்றே சென்னியப்பன் நினைத்தார்.

"இவன் எங்கடா இருந்தான்?"

சென்னியப்பன் சட்டைப்பையைத் தொட்டுக் காட்டினார்.

"முப்பத்தாறு வருஷமாவா?"

"சட்டை மாத்தறப்பெல்லாம் மாத்திக்கிட்டேன்."

"உன் கல்யாணத்துக்கு?"

"பட்டுச் சட்டையில பை வெச்சுத் தைக்கச் சொன்னேன்."

"எனக்குப் பத்திரிகை வைக்கலை. என் ஆளைக் கூட்டிட்டுப் போயிருக்கற!"

"திருப்பிக் குடுக்கணும்னுதான் கமாலு... எந்த மூஞ்சியோட வர்றது?"

கமாலுதீன் ரோபோவை அது நின்ற இடத்திலேயே வைத்தார். நாற்காலியில் உட்காரவில்லை. மணிபர்சைத் திறந்து, மூன்றாவது மடிப்பிலிருந்து எட்டாக மடித்த ஒரு காகிதத்தை எடுத்து மேஜையில் போட்டார். மடிப்புகள் பழுப்பேறி அட்டை போல இறுகியிருந்தன. மேல் ஓரத்தில் அச்செழுத்தில் ஒரு எண் தெரிந்தது. முப்பத்தேழு.

சென்னியப்பனின் வாய் திறந்தது. பல் செட்டு விழாமல் இருந்தது குருவின் கைவேலை.

"நீயாடா?"

"நீ டீக்கடைக்குப் போனப்ப கிழிச்சேன்."

"என்னடா எழுதியிருக்குது அதுல?"

"தெரியாது."

"தெரியாதா?"

"படிக்கலை. படிச்சு, நீ சொன்னதுதான் சரின்னு இருந்துட்டா?" கமாலுதீன் தடியின் பிடியைத் தடவினார். "உன் கையில இருந்தா நீ படிச்சுருவே. அதனால கிழிச்சேன். அப்புறம் தினமும் படிக்கலாம்னு எடுப்பேன். வெச்சுருவேன்."

இரண்டு பேரும் காகிதத்தைப் பார்த்தார்கள். யாரும் தொடவில்லை. பிறகு இரண்டு பேரும் ஒரே நேரத்தில் குருவைப் பார்த்தார்கள்.

"குருவே, நீங்க படிங்க," என்றார் சென்னியப்பன்.

"ஆமாம்மா. நீங்க படிச்சா ஒத்துக்கறேன். ஆம்பூர் பஸ்சுக்கும் நேரம் இருக்குது," என்றார் கமாலுதீன்.

கீழே மில் ஓடத் தொடங்கியது. மேஜை ஆடியது. தளபதி நடுங்கினான், ரோபோ நடுங்கியது, சுவரிலிருந்து ஒரு தீப்பெட்டி விழுந்தது.

குரு காகிதத்தை எடுத்தார். பிரிக்கவில்லை. விரலிடுக்கில் வைத்து அழுத்திப் பார்த்தார். தரையில் உட்கார்ந்து, மேஜையின் குட்டைக் காலைத் தூக்கி, அதை அடியில் செருகினார்.

"குருவே! அது முப்பத்தேழாம் பக்கம்!"

"ஆமாங்க. சரியான கனம்."

மில் ஓடிக்கொண்டுதான் இருந்தது. மேஜை நின்றுவிட்டது. கமாலுதீன் நாற்காலியை இழுத்தார். உட்காருவதா வேண்டாமா என்று தெரியாமல் அதன் முதுகைப் பிடித்துக்கொண்டே நின்றார்.

சென்னியப்பன் மேஜைக்காலைப் பார்த்தார். கமாலுதீனைப் பார்த்தார். சுவருக்குப் பின்னால் நின்ற தளபதியைப் பார்த்தார்.

"அப்ப என் தளபதி செத்துட்டானுங்களா, இருக்கானுங்களா?"

குரு கையிலிருந்த தூசியைத் தட்டிவிட்டுப் பகடைகளை எடுத்து இரண்டு பேருக்கும் நடுவில் வைத்தார்.

"யாரோட முறைங்க?"