குளத்தம்மனின் கண்ணீர்

காட்டோரக் குளம் ஒன்றில் வஞ்சி என்ற நீர்நாய் தன் ஒரே குட்டியோடு வாழ்ந்துவந்தது. ஐப்பசி மழையில் குளம் நிரம்பித் தளும்பியது. ஒருநாள் கெண்டையைத் துரத்திக்கொண்டு வஞ்சி கரையோரம் முங்கியது. அதன் மீசை மயிர்கள் ஒரே பக்கமாக இழுபட்டன. கையை விட்டுப் பார்த்தது. மண்கரையில் ஒரு வளை! குளத்து நீர் அதற்குள் ஓடிக்கொண்டிருந்தது.

வஞ்சி பதறிப்போய்க் கரையேறி மறுபக்கம் இறங்கியது. அங்கே ஒரே கூட்டம். கரையடியில், ஒரு வேம்பின் வேர் அருகே, நீர் கசிந்து சேறாகியிருந்தது. சுற்றிலும் காட்டுப்பூக்கள். கிழங்கும் கடலையும் குவிந்து கிடந்தன. நடுவில் பெருச்சாளி கண்மூடி உட்கார்ந்திருந்தது.

"வா வஞ்சி, நீயும் கும்பிட்டுக்கொள்!" என்றது காட்டின் தலைவரான காட்டுப்பன்றி. "இது குளத்தம்மனின் கண்ணீர். இதில் நின்றதும் புள்ளிமானின் கால்புண் ஆறிவிட்டது!"

"தலைவரே, ஈரச் சேறு பட்டால் யார் புண்ணும் கொஞ்சம் குளிரத்தான் செய்யும். இது கண்ணீர் இல்லை, கசிவு! கரையில் வளை விழுந்திருக்கிறது. நான் தொட்டுப் பார்த்தேன். இன்றைக்கே களிமண் வைத்து அடைப்போம். இன்னொரு பெருமழை வந்தால் கரை உடைந்துவிடும்!"

பெருச்சாளிக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த வளையைத் தோண்டியதே அதுதான். வெளியே தெரிந்தால் மிதித்துக் கொன்றுவிடுவார்களே என்ற பயத்தில்தான் 'அம்மன் அழுகிறாள்' என்று கசிவு தெரிந்த அன்றே உளறிவைத்தது. இப்போது வேளை தவறாமல் படையல் வந்துகொண்டிருந்தது.

"கேட்டீர்களா! அம்மனின் கண்ணை மண் வைத்து மூடவேண்டுமாம்!" என்று அலறியது பெருச்சாளி.

"எங்கள் மனத்தைப் புண்படுத்திவிட்டாள்!" என்று கத்தியது புள்ளிமான்.

"வேண்டாம், என்னை நம்பவேண்டாம். யாராவது ஒருவர் வந்து அந்த வளைக்குள் கையை விட்டுப் பாருங்கள்!" என்று கெஞ்சியது வஞ்சி.

யாரும் அசையவில்லை. வஞ்சி ஆமையைப் பார்த்தது. இருவரும் ஒரே குளத்தில் வளர்ந்தவர்கள்.

"ஆமையண்ணே, உங்களுக்குக் கரையின் ஒவ்வொரு அடியும் தெரியுமே. நீங்களாவது சொல்லுங்கள்!"

ஆமை தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டது.

அன்று மாலையே வஞ்சி தனியாகக் களிமண்ணைக் கவ்விவந்து வளையில் திணித்தது. மறுபக்கம் கசிவு குறைந்தது. "அம்மன் கோபித்துக்கொண்டாள்!" என்று கூட்டம் கரைக்கு ஓடிவந்தது. பன்றி தன் கோரைப்பல்லால் வஞ்சியைத் தூக்கி எறிந்தது. குரங்குகள் களிமண்ணைத் தோண்டி எடுத்தன. விலாவில் ரத்தம் சொட்டச் சொட்ட, குட்டியைக் கவ்விக்கொண்டு வஞ்சி மேட்டோடைக்குப் போனது. யாரும் தடுக்கவில்லை.

நான்காம் நாள் பெருமழை கொட்டியது. விடியும் நேரத்தில் மலை சரிந்ததுபோல் ஒரு சத்தம் ஓடைவரை கேட்டது. வஞ்சி குட்டியை ஒரு பொந்தில் விட்டுவிட்டு ஓடியது.

கரை இருந்த இடத்தில் பெரிய பிளவு. குளம் வெறும் சேறு. மீன்கள் வாய்திறந்து துடித்துக்கொண்டிருந்தன. விடிய விடியச் சேற்றைச் சுற்றிப் பாடிக்கொண்டிருந்த முயல்களில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. சாய்ந்த வேம்பின் அடியில் ஆமை ஓடு பிளந்து கிடந்தது. வஞ்சி மரத்தைத் தள்ளிப் பார்த்தது. மரம் அசையவில்லை.

"வஞ்சி… உனக்கு முன்பே நான் அந்த வளையைப் பார்த்தேன்" என்று முனகியது ஆமை.

"பிறகு ஏன் அண்ணே சொல்லவில்லை?"

"எல்லாரும் கும்பிட்டார்கள். எனக்குப் பயமாக இருந்தது."

அதற்குமேல் ஆமை பேசவில்லை. வஞ்சி அதன் பக்கத்திலேயே படுத்துக்கிடந்தது.

மேட்டிலிருந்து பன்றியின் அழுகை கேட்டது. "அந்த நீர்நாய் பழித்துப் பேசியதால்தான் அம்மன் நம்மைக் கைவிட்டுப் போய்விட்டாள்!"

"ஆமாம்! ஆமாம்!" என்றன மிஞ்சியிருந்தவை. பெருச்சாளி எல்லாரையும்விட உரக்க அழுதது.

வஞ்சி எழுந்து, நொண்டியபடி ஓடையை நோக்கி நடந்தது.

கேள்வி கேட்டவரை விரட்டிவிடலாம். அவர் காட்டிய ஆபத்து அவரோடு போய்விடுவதில்லை.