வளரும் பாறையும் குட்டைக் கதிரும்

பாளையக்காரர்கள் ஆண்ட காலம். கோட்டை, குதிரை என்று எதிர்பார்த்து நிமிர்ந்து உட்காராதீர்கள். இது மண்ணைப் பற்றிய கதை.

ஒரு மலைச்சரிவில் ஓர் ஊர் இருந்தது. அங்கே எல்லோரும் மக்காச்சோளம் விதைத்தார்கள். விதையில் இரண்டு வகை. யானைக்கொம்பு என்ற வகை முழ நீளக் கதிர் தரும். ஆனால் நாலரை மாதம் விளைகாட்டிலேயே நிற்கும். கிளிமூக்கு என்ற வகைக்குச் சாண் கதிர்தான். மூன்றே மாதத்தில் வீடு வந்து சேரும்.

சோளம் ஒடித்ததும் கொள்ளு விதைப்பார்கள். ஐப்பசி அடைமழைக்கு முன் கொள்ளுக்கொடி படர்ந்து தரையை மூடினால்தான் சரிவில் மண் நிற்கும். இது அந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்து என்ன பிரயோசனம்?

புரட்டாசிக் கடைசி வெள்ளித் திருவிழாவில், யார் கதிர் நீளமோ அவர் தலையில் அம்மன் கோயில் பூசாரி பரிவட்டம் கட்டுவார். அந்தத் துண்டுத் துணிக்காக ஊர் முழுக்க யானைக்கொம்பு. அந்த ஊரில் நாச்சாயி என்று ஒருத்தி. அவள் புருஷன் கரியப்பனும் அந்தத் துணிக்குத் தவம் கிடந்தவன்தான்.

முதல் வருஷம் நாச்சாயி, கிளிமூக்கு போடலாம் என்று நல்லவிதமாகச் சொன்னாள். அவன் கேட்கவில்லை. திருவிழாவுக்கு யானைக்கொம்பைத் தூக்கிக்கொண்டு போய், வெறுந்தலையோடு திரும்பி, ஐப்பசி பிறந்த பிறகு கொள்ளைத் தூவினான். மறுநாளே மழை. கொள்ளும் போயிற்று, மண்ணும் போயிற்று. காட்டின் நடுவே அம்மிக்கல் உயரத்துக்கு ஒரு பாறை தலைகாட்டியது.

இரண்டாம் வருஷம் சண்டை போட்டுச் சொன்னாள். அவன் அப்போதும் கேட்கவில்லை. அதே யானைக்கொம்பு, அதே வெறுந்தலை, அதே மழை. பாறை உரல் உயரத்துக்கு வந்துவிட்டது.

ஊர் என்ன செய்தது தெரியுமா? பாறை வளர்கிறது என்று கன்னத்தில் போட்டுக்கொண்டது. பூசாரி வந்து மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தார். கரியப்பனுக்கோ, தன் காட்டில் சாமி முளைக்கிறது என்று தலைகால் புரியவில்லை.

"பாறை வளரலீங்க மாமா, மண்ணு எறங்குது" என்றாள் நாச்சாயி.

"கல்லு வளரும் புள்ள. எங்கப்பாரே சொல்லியிருக்காரு."

இதற்கு மேல் என்ன பேசுவது? அவள் கடப்பாரையை எடுத்துப் போய்க் காட்டில் குத்திப் பார்த்தாள். இரண்டு சாண் ஆழத்தில் ணங்கென்று கல் இடித்தது. இன்னும் இரண்டு மழைக்காலம் போனால் ஏர் பாறையில்தான் ஓட வேண்டும். அவர்களுக்கு வேறு நிலம் கிடையாது.

மூன்றாம் வருஷம் அவள் வாயே திறக்கவில்லை.

அந்த ஊரில் ஆண் ஏர் ஓட்டுவான், பெண் பின்னால் நடந்து சாலில் விதை போடுவாள். ஓட்டுகிறவன் திரும்பிப் பார்த்தால் விளைச்சல் போய்விடும் என்று ஒரு நம்பிக்கை. வைகாசியில் கரியப்பன் மேற்கு ஓரத்தில் ஏரைப் பூட்டினான். பாறை வரைக்கும் அவள் யானைக்கொம்பையே போட்டாள். பாறையைத் தாண்டியதும் மடியில் முடிந்து வைத்திருந்த கிளிமூக்கைப் போட்டாள். அவன் திரும்பிப் பார்க்கவில்லை. முட்டாள்தனமான நம்பிக்கையும் அன்றைக்கு ஒரு வேலைக்கு உதவியது. வேலை முடிந்து வீட்டுக்குப் போகும்போது பாறையின் இரண்டு பக்கமும், மண்ணை ஒட்டி, அரிவாள் முனையால் ஒரு கோடு கீறி வைத்தாள்.

ஆடியில் கிழக்குப் பயிர் குட்டையாகக் கதிர் வைத்ததைக் கண்டு கரியப்பன் குதித்தான். மூன்று நாள் சோறு வேண்டாம் என்றான். நாலாம் நாள் தின்றான். ஆவணியில் அவள் தன் பாதியை ஒடித்துக் கொள்ளு விதைத்தாள். ஐப்பசி வருவதற்குள் கொடி தரை தெரியாமல் மூடிவிட்டது.

அந்த வருஷம் பரிவட்டம் யாருக்கு? கரியப்பனுக்கேதான். அவன் அதைக் கட்டிக்கொண்டு சாப்பிட்டான், கட்டிக்கொண்டு தூங்கினான், கட்டிக்கொண்டே தன் பாதியில் கொள்ளும் தூவினான். பிறகு பதினொரு நாள் மழை.

மழை விட்டதும் ஊர் மஞ்சளோடும் குங்குமத்தோடும் பாறைக்கு வந்தது. நாச்சாயி பூசாரியை மேற்குப் பக்கம் அழைத்துப் போனாள். கோட்டுக்குக் கீழே ஒரு சாண் கல் புதிதாகத் தெரிந்தது. கிழக்குப் பக்கம் அழைத்துப் போய்க் கொடியை விலக்கினாள். கோடு மண்ணை ஒட்டி, கீறிய இடத்திலேயே இருந்தது.

"ஒரே கல்லுங்க, பூசாரியாரே. மேக்கால வளந்துச்சு, கெழக்கால வளரல. அதெப்படீங்க?"

பூசாரி கல்லை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பிறகு, அம்மன் ஒருக்களித்துப் படுத்திருக்கிறாள் என்றார். ஊர் மறுபடியும் கன்னத்தில் போட்டுக்கொண்டது. நாச்சாயி தலையில் அடித்துக்கொண்டாள்.

ஆனால் கரியப்பன் கன்னத்தில் போட்டுக்கொள்ளவில்லை. குனிந்து ஒரு கொள்ளுச் செடியைப் பிடுங்கினான். வேரோடு கைநிறைய மண் வந்தது. தன் பக்கம் போய் விரலால் கிளறினான். நகம் கல்லில் உரசியது. பிறகு பரிவட்டத்தை அவிழ்த்து மனைவியிடம் நீட்டினான்.

"கிளிமூக்கு வெதை இன்னும் இருக்குதா புள்ள? இருந்தா இதுல முடிஞ்சு வை."

"மூணு வருசங் கழிச்சுக் கேக்கறீங்க" என்று சொல்லிக்கொண்டே வாங்கிக்கொண்டாள்.

அடுத்த வைகாசியில் அவன் ஏரோட்டியபோது நாலு தடவை திரும்பிப் பார்த்து, போடுவது கிளிமூக்குதானா என்று கேட்டான். விளைச்சல் ஒன்றும் போய்விடவில்லை. அந்தப் பாறை அதற்குப் பிறகு எந்தப் பக்கமும் வளரவில்லை.

கேட்டவர்களே, கதிரின் நீளத்தை மட்டும் பார்த்து விதை எடுக்காமல், அடுத்த விதைப்புக்குக் காலம் விட்டு எடுப்பவனுக்குத்தான் நிலம் நிலைக்கும்.